முதுகுத்தண்டில் ஒரு மின்கம்பி – வேண்டுமா, வேண்டாமா?

(சாம்பியன் ரீப்ஸில் நடந்த நமது சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் காரியதரிசி ஆத்துக்கு வந்து, "மாமா, இந்தத் தடவை நீங்கதான் பேசணும்" என்றார். "எனக்கு என்னப்பா தெரியும்? வேதம் தெரியாது, வேதாந்தம் தெரியாது. முதுகுவலி ஒண்ணுதான் தெரியும்" என்றேன். "அதையே பேசுங்கோ மாமா. கேக்கறதுக்கு ஆள் குறையாது" என்றார். இன்று வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவர் கணக்கு தப்பவில்லை. நான் நின்றுகொண்டே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு நிற்பதைவிட உட்காருவதுதான் கஷ்டம். நடுவில் நாலடி நடந்தேனானால் வெளிநடப்பு செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.

நம் ஊருக்கு மின்சாரம் புதிதல்ல. 1902-ம் வருஷம் சிவசமுத்திரத்தில் காவேரித் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் நேராக வந்து சேர்ந்தது நம் தங்கவயல் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர் நகரத்துக்கே அது 1905-ல்தான் கிடைத்தது. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதே மின்சாரத்தை என் முதுகுத்தண்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்லுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. என் கதையை மருந்துச் சீட்டாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே கேள்வி நம்மில் இன்னொருவருக்கு வந்தால், எதை விசாரிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் என் முதுகின் ஜாதகம். 1971-ல் மைன்ஸ் அஸ்ஸே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடும்வரை அங்கேதான். என் முதுகுவலிக்குச் சுரங்கத்தைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுள்ள சாம்பியன் ரீப் சுரங்கத்தில், அந்தச் சூட்டில், பாறை எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் வேலை செய்தவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் மற்றத் தமிழ் ஜில்லாக்களிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகள். அவர்கள் முதுகுக்கு முன்னால் என் முதுகு எம்மாத்திரம்? நான் மேலே இருந்து, அவர்கள் வெட்டி அனுப்பிய கல்லில் எத்தனை தங்கம் என்று நிறுத்துப் பார்த்தவன். சுரங்கம் மூடிய பிறகு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் பத்து வருஷம் கணக்கு எழுதினேன். அந்த நாற்காலிதான் என் முதுகை முடித்தது என்று நினைக்கிறேன்.

2012-ல் கீழ் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் சொர்க்கம். அப்புறம் இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை ஓர் எரிச்சல் ஆரம்பித்தது. நெருப்புத் துண்டை நரம்பிலே கட்டி வைத்தாற்போல் இருக்கும். மறுபடி ஸ்கேன் எடுத்ததில், நரம்பை அழுத்துகிற மாதிரி ஒன்றும் இல்லை, திரும்ப ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை என்றார்கள். இதற்கு 'ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்' என்று பெயர். ஆபரேஷன் தோற்றுப்போனது என்றுதான் அர்த்தம் தொனிக்கிறது. ஆனால் டாக்டர் தப்பாகச் செய்துவிட்டார் என்பதல்ல. ஆபரேஷன் சரியாகவே நடந்தாலும் சிலருக்கு நரம்பு தன் பழைய அழுகையை நிறுத்துவதில்லை. அதனால் இப்போது அந்தப் பெயரையே மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லி, வேறு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மாறியது, எரிச்சல் மாறவில்லை.

வலி என்ன செய்யும் என்பது வலிப்பவர்களுக்குத் தெரியும். எனக்குப் பெரிய குறை ஒன்றே ஒன்று. என் தகப்பனார் ஸ்ராத்தத்துக்குப் பலகையில் உட்கார முடியவில்லை. நான் மூத்த பிள்ளை. வாத்தியார் நல்லவர், "நாற்காலியில் உக்காந்துக்கோங்கோ, தோஷமில்லை" என்று இரண்டு வருஷமாகச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பலகையில் உட்கார்ந்து பாதியில் எழுந்து, கண்ணில் ஜலம் வந்து, அது பித்ருக்களை நினைத்து வந்த ஜலம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

2023-ல் பெங்களூரில் ஒரு வலி சிகிச்சை நிபுணரிடம் போனோம். அவர்தான் 'ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர்' என்ற கருவியைப் பற்றிச் சொன்னார். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைக்கிற மாதிரி முதுகுத்தண்டுக்கு ஒன்று.

இதன் தத்துவம் சுலபமானது. மேஜை முனையில் முழங்கால் இடித்தால் உடனே என்ன செய்கிறோம்? பரபரவென்று தேய்க்கிறோம். வலி குறைகிறது. ஏன்? 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலியின் செய்தி அந்தக் கதவு வழியாகத்தான் மூளைக்குப் போக வேண்டும். தேய்க்கும் உணர்ச்சி முந்திக்கொண்டு வந்தால் கதவு பாதி சாத்திக்கொள்ளும். (அதே 1965-ல்தான் நம் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் வைத்த கருவிகளில் வானத்துக் காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை விஞ்ஞானிகள் பிடித்தார்கள். நல்ல வருஷம் போலிருக்கிறது.) இரண்டே வருஷத்தில், 1967-ல், அமெரிக்காவில் ஷீலி என்ற டாக்டர், புற்றுநோய் வலியால் துடித்த ஒருவருக்கு முதுகுத்தண்டின் மேல் மின்கம்பி வைத்துப் பார்த்தார். அங்கே தொடங்கியது இந்தச் சிகிச்சை.

இன்றைய கருவியில் இரண்டு பாகம். 'லீட்' என்ற மெல்லிய கம்பி ஒன்றோ இரண்டோ முதுகெலும்புக்குள், தண்டுவடத்தை மூடிய உறைக்கு வெளியே போய் உட்காரும். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பாட்டரிப் பெட்டி இடுப்புக்குக் கீழே தோலுக்கு அடியில். பழைய முறையில் வலி இருக்கும் இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு தெரியும். விநாடிக்கு 10,000 துடிப்புகள் கொடுக்கிற புது முறையில் அந்தக் குறுகுறுப்பு இல்லை. சில பாட்டரிகளை வெளியிலிருந்தே சார்ஜ் செய்யலாம். மற்றவை தீர்ந்தால் கீறி எடுத்து வேறு வைக்க வேண்டும்.

இதிலே எனக்குப் பிடித்தது ஒன்று. முதலிலேயே முழுதாக உள்ளே வைத்துவிடுவதில்லை. ஒரு வாரம்போல 'ட்ரையல்' உண்டு. ஊசி வழியாகக் கம்பியை மட்டும் உள்ளே விட்டு, பாட்டரியை வெளியே பெல்ட்டில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தால் நிரந்தரமாக வைப்பது, இல்லாவிட்டால் கம்பியை உருவிவிடுவது. இது பொதுவான வழக்கம்.

பிடிக்காதது தொகை. எனக்குச் சொன்ன மொத்த மதிப்பீடு பத்து லட்சத்தைத் தாண்டியது. ட்ரையலுக்கு மட்டுமே லட்சக்கணக்கில். ட்ரையல் பலிக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, "நான் தரேன்பா, யோசிக்காதே" என்றான். பிள்ளை தருகிறான் என்றால் யோசிக்காமல் இருக்கலாமா? அப்போதுதான் அதிகம் யோசிக்க வேண்டும்.

என் மருமகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவள். அவளிடம், "இதுக்கு ஆதரவாவும் எதிராவும் இருக்கறதை ரெண்டு பக்கமும் எழுதி அனுப்பு" என்றேன். அவள் அனுப்பியதன் சாரத்தைச் சொல்கிறேன்.

ஆதரவுப் பக்கம்: இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சைக்கு அரசாங்கம் செலவழிக்கலாம் என்று சொல்லும் 'நைஸ்' என்ற அமைப்பு 2008-லேயே இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிபந்தனைகளோடு. நரம்பு சம்பந்தமான வலியாக இருக்க வேண்டும். மற்றச் சிகிச்சை எல்லாம் செய்தும் குறைந்தது ஆறு மாதமாகக் கடுமையாக வலித்துக்கொண்டிருக்க வேண்டும். பல துறை நிபுணர்கள் சேர்ந்து பரிசோதித்திருக்க வேண்டும். ட்ரையல் பலித்திருக்க வேண்டும்.

எதிர்ப் பக்கம்: நார்வே தேசத்தில் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால்வலி தீராத 50 பேருக்கு இந்தக் கருவியை வைத்து, சில மாதங்கள் மின்சாரம் ஓடவிட்டும் சில மாதங்கள் ஓடவிடாமலும் பார்த்தார்கள். எப்போது ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. இரண்டு காலத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இது 2022-ல் வந்தது. 2023-ல் காக்ரேன் என்ற அமைப்பு இடுப்பு வலிக்கான 13 ஆராய்ச்சிகளை, மொத்தம் 699 பேர் பங்கெடுத்தவற்றை, சேர்த்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் போலிச் சிகிச்சையைவிட இதனால் பலன் இருக்க வாய்ப்பில்லை என்று எழுதியது. ஒரு வருஷத்துக்கு மேல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியே இல்லை என்றும் சொன்னது. இதை வலி சிகிச்சை நிபுணர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. நார்வேயில் பார்த்தது ஒரே ஒரு விதமான துடிப்பைத்தான், எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, கம்பி இடம் நகரலாம், அறுந்துபோகலாம், புண் பழுக்கலாம். அமெரிக்காவின் மருந்து, கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு 2016 முதல் 2020 வரை நாலு வருஷத்தில் இந்தக் கருவி பற்றி ஒரு லட்சத்துக்கும் மேல் புகார் அறிக்கைகள் வந்திருக்கின்றன. பலன் போதவில்லை என்பதும் அதில் சேர்த்திதான். ட்ரையல் பார்க்காமல் நிரந்தரமாக வைக்காதீர்கள் என்று அவர்கள் 2020-ல் டாக்டர்களுக்குக் கடிதமே எழுதினார்கள்.

இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, ட்ரையல் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மறைக்காமல் சொல்கிறேன், என் மனசில் ஓடியது ஆராய்ச்சி அல்ல. அடுத்த ஸ்ராத்தத்துக்குப் பலகையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்தான். பெங்களூரில் மல்லேஸ்வரத்தில் என் தம்பி ஆத்தில் தங்கினோம். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கம்பியை ஏற்றினார்கள். மயக்கம் முழுதாகக் கொடுப்பதில்லை. ஏனென்றால், "இப்போ எங்கே குறுகுறுங்கறது?" என்று கேட்டுக் கேட்டுத்தான் கம்பியின் இடத்தை நிர்ணயம் செய்கிறார்கள். முதலில் வலது தொடை, பிறகு வயிறு, கடைசியில் இடது கால். "ஆ, அங்கேதான்!" என்றேன். பதினோரு வருஷ எரிச்சலின் மேல் யாரோ மயிலிறகால் தடவின மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன்.

பிறகு ஒரு வாரம். ஸ்நானம் கிடையாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. கம்பி நகர்ந்துவிடும். நமஸ்காரம் பண்ணுவது பற்றிக் கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். ஆசாரம் பார்க்கிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நிரந்தரமாக வைத்தாலும் முதல் சில வாரங்கள் இதே கட்டுப்பாடுகள் உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். காலை, மத்தியானம், ராத்திரி வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை நேரம் நடந்தேன், எத்தனை நேரம் தூங்கினேன் என்று எழுத வேண்டும். ட்ரையலுக்கு முந்தைய வாரம் என் சராசரி எட்டு. முதல் நாள் மூன்று. இரண்டாம் நாள் நாலு. மூன்றாம் நாளிலிருந்து ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து. தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பத்து நிமிஷம் நடப்பவன் பதினைந்து நிமிஷம் நடந்தேன். நல்லதுதான். ஆனால் எட்டிலிருந்து ஐந்து என்றால் பாதி இல்லை. கணக்குப் போட எனக்குத் தெரியும். நூற்றுக்கு முப்பத்தேழரை.

ஐந்தாம் நாள் ராத்திரி பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அம்பது பர்சென்ட் ஆயிடுத்தா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். லீவு, டிக்கெட், பணம், எல்லாம் அந்த முகத்தில் இருந்தது. அடுத்த நாள் கருவியை அட்ஜஸ்ட் செய்கிறவர் போனில் கேட்டார், "எப்படி சார் இருக்கு? பாதி குறைஞ்சிருக்கா?" எல்லோரும் 'ஆமாம்' என்ற ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். நோட்டில் ஐந்தை மூன்று என்று திருத்துவதற்கு எத்தனை நேரம் ஆகும்? பென்சிலைக் கையில் எடுத்தேன் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. இங்கே இருக்கும் பழைய மைன்ஸ்காரர்களுக்குத் தெரியும், இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்திலிருந்து மாதிரிக் கல் வரும். அதைப் பொடி செய்து, ஈயச் சேர்மமும் சோடாவும் வெண்காரமும் கலந்து உலையில் உருக்குவோம். தங்கம் ஈயத்தோடு போய் அடியில் ஒரு குண்டாக நிற்கும். அந்த ஈயக் குண்டை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடு காட்டினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். கடுகைவிடச் சிறிய மணி ஒன்று மிஞ்சும். வெள்ளியை அமிலத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சினதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் நிறுப்போம். மூச்சுக்காற்று பட்டால் முள் ஆடும். அந்த எண்ணை நம்பித்தான் எந்தப் பக்கம் தோண்டுவது, எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் சொன்னார்: "கல்லிலே இல்லாததை நோட்டிலே எழுதினா இன்னிக்கு எல்லோருக்கும் சந்தோஷம். ஆனா நாளைக்கு ஒருத்தன் உயிரைக் கையிலே பிடிச்சிண்டு வெறும் பாறையைத் தோண்டுவான்." மாதிரிக் கல்லில் வேண்டுமென்றே தங்கத்தைச் சேர்த்துக் காட்டும் மோசடி உலகம் முழுக்க உண்டு. 1997-ல் கனடா நாட்டின் பிரீ-எக்ஸ் என்ற கம்பெனி, இந்தோனேஷியக் காட்டில் பிரம்மாண்டமான தங்க வயல் கண்டுபிடித்ததாகச் சொல்லி, மாதிரியில் தங்கத் தூளைக் கலந்திருந்தது வெளியாகி, கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள பங்குகள் காகிதமாயின. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஆபீசில் நாள் முழுக்க அதே பேச்சு. "இப்படியும் செய்வானா ஒருத்தன்?" என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

இருபத்தாறு வருஷம் கழித்து, மல்லேஸ்வரத்தில், கையில் பென்சிலோடு நானே உட்கார்ந்திருக்கிறேன். ட்ரையல் என்பது மாதிரிக் கல். நோட்டுப் புத்தகம் அஸ்ஸே ரிஜிஸ்டர். அதில் நான் பொய் எழுதினால் வெறும் பாறையில் தோண்டப்படப் போவது என் முதுகுதான். பென்சிலை வைத்துவிட்டேன். ஐந்து, ஐந்தாகவே இருந்தது.

ஏழாம் நாள் நோட்டைப் பார்த்த டாக்டர், "முதல் இரண்டு நாள் நன்றாக இருந்திருக்கிறது. அப்புறம் நிற்கவில்லை. இந்தப் பலனுக்கு நிரந்தரமாக வைக்கச் சொல்ல மாட்டேன்" என்றார். வைத்தால் அவருக்கு லாபமே தவிர நஷ்டமில்லை. அவர் அப்படிச் சொன்னதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கம்பியை உருவ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிள்ளை ஒன்றும் பேசவில்லை, தோளில் கை வைத்தான். என் ஆத்துக்காரி மட்டும், "நல்லதாப் போச்சு. ஆத்துல இருக்கற செல்போனையே நீங்க சார்ஜ் போட மறந்துடறேள்" என்றாள். ரயில் சாம்பியன் ஸ்டேஷனுக்கு வருகிறவரை சிரித்துக்கொண்டே வந்தோம். அன்று ராத்திரி எரிச்சல் பழையபடி எட்டு. சிரிப்பெல்லாம் போய்விட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்தக் கருவி வீண் என்று சொல்ல வந்தேனா? இல்லவே இல்லை. அதே வாரத்தில் அதே டாக்டரிடம் ட்ரையல் பார்த்த இன்னொருவரோடு எனக்குச் சிநேகம் ஏற்பட்டது. அவருக்கு வலி எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. நிரந்தரமாக வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் கம்பி கொஞ்சம் நகர்ந்து மறுபடி ஒரு சின்ன ஆபரேஷன். "இருந்தாலும் பரவாயில்லை, பேத்தி கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினேன்" என்றார். அவர் கல்லில் தங்கம் இருந்தது. என் கல்லில் போதவில்லை. இரண்டுமே நிஜம்.

உங்களில் யாருக்காவது இந்த யோசனை சொல்லப்பட்டால், பின்வருவனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும்.

1. என் வலி நரம்பு வலியா, தசை, எலும்பு வலியா? இந்தக் கருவி எந்த வலிக்கு?

2. இதுவரை முறையாகச் செய்து பார்க்காத சிகிச்சை, பிஸியோதெரபி உட்பட, ஏதாவது பாக்கி இருக்கிறதா?

3. ட்ரையல் எத்தனை நாள்? எந்த அளவு குறைந்தால் வைப்பீர்கள்? வலி மட்டுமா, நடை, தூக்கம் எல்லாம் சேர்த்தா?

4. ட்ரையல் பலிக்காவிட்டால் எவ்வளவு செலவு நிற்கும்? இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும்? இதை எழுத்தில் வாங்குங்கள்.

5. பாட்டரி எத்தனை வருஷம்? மாற்றும்போது என்ன செலவு? எனக்கு எண்பது வயதில் அதை யார் பார்ப்பார்கள்?

6. பின்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் இந்த மாடலில் முடியுமா?

7. கருவியை அட்ஜஸ்ட் செய்ய எத்தனை தடவை வர வேண்டும்? நம் மாதிரி வெளியூர்க்காரர்களுக்கு இது முக்கியம்.

வைத்துக்கொண்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிஸியோதெரபியில் 'டயாதெர்மி' என்று ஒரு மின்சாரச் சூட்டு ஒத்தடம் உண்டு. உடம்பில் இந்தக் கருவி உள்ளவர்களுக்கு அது ஆபத்து. எங்கே போனாலும் கருவி இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொடுத்திருக்கும் அடையாள அட்டையைப் பர்சிலேயே வைத்திருக்க வேண்டும்.

எட்டாவது கேள்வி டாக்டரைக் கேட்பதல்ல, நம்மை நாமே கேட்பது. யாருடைய சந்தோஷத்துக்காக 'ஆமாம்' சொல்லப் போகிறேன்? ட்ரையல் நோட்டை எழுதும்போது பிள்ளை, பெண், டாக்டர், செலவழித்த பணம் எல்லாவற்றையும் அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஒரு வாரம் அப்பாவிடம் "பாதி ஆயிடுத்தா?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். நரம்பு வலிக்கு ராத்திரி ஒரு மாத்திரை. காலையில் அரை மணி பிஸியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி, ஒரு நாள்கூட விடுவதில்லை. சாயங்காலம் சயனைடு மேடு தெரியும் ரோட்டில் நடை. முதலில் எட்டு நிமிஷம், வாரத்துக்கு ஒரு நிமிஷமாகக் கூட்டி இப்போது இருபத்தைந்து. இருபது வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த இடுப்பு பெல்ட்டை விட்டுவிட்டேன். குறிப்பான காரணம் எதுவும் தெரியாத நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி வேண்டும், பெல்ட்டு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. என் வலி அந்த வகை இல்லை என்றாலும், என் டாக்டரும் அதையே சொன்னார். என் மார்க் இப்போது ஆறு. சில நாள் ஐந்து. சில நாள் எட்டு. யாரும் கேட்காமலே இன்னமும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருஷம் தகப்பனார் ஸ்ராத்தம் வந்தது. வாத்தியார் வழக்கம்போல் நாற்காலியைக் காட்டினார். இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டேன். மந்திரம் ஒன்று விடாமல் சொல்ல முடிந்தது. முன்னே பலகையில் உட்கார்ந்தபோது பாதி மந்திரம் வலியிலேயே போய்விடும். முடிவில் நமஸ்காரத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கை கூப்பினேன். என் தகப்பனாரும் இதே மைன்ஸில் கணக்குப் பார்த்தவர். உள்ளதை உள்ளபடி எழுதிய பிள்ளையை அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இருபத்தைந்து நிமிஷம் நின்றுவிட்டேன். இதற்கு மேல் முதுகு அனுமதிக்காது.  ஸ்கேன் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வர வேண்டாம், எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது பேச வேண்டுமென்றால் சாயங்காலம் என்னோடு நடக்க வாருங்கள். எல்லோரும் க்ஷேமமாக இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன். நமஸ்காரம்.